வரைபடத்தில் இருந்த கிணறு

வீடு கட்டியவர்களை விட, வீடு கட்ட முடியாமல் திரும்பிப் போனவர்களைத்தான் என் தொழிலில் அதிகம் பார்த்திருக்கிறேன். திருச்சியில் கட்டட பிளான் வரைந்து அனுமதி வாங்கித் தருவது என் வேலை. வாங்கித் தருவது என்று போர்டில் எழுதியிருக்கிறேனே தவிர, நான் அனுப்புவேன், அவர்கள் திருப்பி அனுப்புவார்கள், நான் மறுபடியும் அனுப்புவேன், அவ்வளவுதான். நீங்களும் ஒரு தடவையாவது பிளான் போட்டு, 'திருப்பி அனுப்பப்பட்டது' என்ற வரியைக் கம்ப்யூட்டரில் பார்த்து வயிறு எரிந்தவர் என்றால் நீங்கள் என் கட்சி. உங்களிடம் சொன்னால்தான் இது புரியும். மற்றவர்கள் எனக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று சொல்லிவிடுவார்கள்.

லேத் பட்டறையில் பூஜை அறை

முதலில் ஒரு தொழில் ரகசியம். எங்களில் யாரும் வெற்றுத் தாளில் புதிதாக பிளான் வரைவதில்லை. போன மாதம் வரைந்த ஏதோ ஒரு வீட்டைக் கம்ப்யூட்டரில் திறந்து, சுவர்களை அழித்துவிட்டு, அதன் மேலேயே புது வீட்டை வரைவோம். வடக்கு காட்டும் அம்பு, ஓரத்துக் கட்டங்கள், கதவு, ஜன்னல் எல்லாம் தயாராக இருக்கும். பாதி நாள் வேலை மிச்சம். ஆனால் அழிக்கும்போது ஏதாவது ஒன்று தப்பி உட்கார்ந்திருக்கும்.

என்னிடம் பதினைந்து வருஷமாகப் படம் வரைகிறவர் சுமதி. கை சுத்தமான ஆள். அவரே ஒரு முறை அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் படம் போட்டபோது, அதற்கு முந்தைய வீட்டின் பூஜை அறையை அழிக்க மறந்துவிட்டார். நானும் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். படம் திரும்பி வந்தது. விளக்கம் கேட்கப் போனேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "பூஜை மெஷினுக்கா, இல்ல மெஷின் ஓட்டுறவருக்காங்க?"

அளக்காமல் போட்ட அளவு

தங்கராஜும் அவர் மனைவி ராஜேஸ்வரியும் ஒரு சித்திரை மாதக் காலையில் என் ஆபீசுக்கு வந்தார்கள். அவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான நாளிலிருந்து குவார்ட்டர்ஸ்தான். இப்போது சில மாதத்தில் காலி செய்ய வேண்டும். எடமலைப்பட்டி புதூரில் ஒரு சின்ன மனை வாங்கிப் போட்டிருந்தார்கள். ராஜேஸ்வரி அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. எல்லாம் கீழேயே வேண்டும், பின்பக்கம் ஒரு படுக்கையறை கட்டாயம் வேண்டும் என்றார். அந்த அறையைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் மாறியது. இத்தனை வருஷம் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய வீட்டிலேயே இருந்துவிட்டேன் என்றார்.

படம் போட்டோம், அனுப்பினோம். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. மனையின் பின்மூலையில் கிணறு இருக்கிறது, செப்டிக் டேங்க் அதற்கு மிக அருகில் இருக்கிறது என்று காரணம் போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மனையை நானே நேரில் போய் அளந்தேன். அங்கே கிணறு கிடையாது. படத்தைத் திறந்து பார்த்தால், ராஜேஸ்வரி அம்மா கேட்ட படுக்கையறைக்குப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக ஒரு வட்டம் இருந்தது. உள்ளே 'கிணறு' என்ற எழுத்து. விட்டம் 1.85 மீட்டர் என்று அளவு.

பழைய படத்திலிருந்து தப்பி வந்திருக்கும் என்று சுமதியைக் கொஞ்சம் கடிந்துகொண்டேன். அவர் எந்தப் படத்தின் மேல் வரைந்தாரோ அதைத் திறந்து காட்டினார். அதில் கிணறு இல்லை. அதற்கு முந்தையதிலும் இல்லை. மத்தியானம் சாப்பிடாமல் அந்த வருஷத்துப் படங்கள் எல்லாவற்றையும் திறந்து பார்த்தார். எதிலும் அந்த அளவில் ஒரு வட்டம் இல்லை. நான் பரவாயில்லை, அழித்துவிட்டு அனுப்புங்கள் என்றேன். அழித்தார். ஆனால் முகம் வெளுத்திருந்தது. "வட்டம் கூட கை தவறி விழுந்திருக்கும்னு வைங்க சார். அளக்காம நான் அளவு போடமாட்டேன்."

எட்டிப் பார்த்தவர்

கிணறு இல்லாத படத்தை அனுப்பினோம். முதலில் ஒன்று காட்டி இப்போது ஒன்று காட்டினால் சந்தேகம் வருமல்லவா, நேரில் பார்க்க ஒரு பெண் பொறியாளர் வந்தார். நல்ல உச்சி வெயில். தங்கராஜ் குடை பிடித்துக்கொண்டு நின்றார். மனையில் சீமைக்கருவேலம் இரண்டு, காய்ந்த புல், அவ்வளவுதான். அந்தம்மா டேப் வைத்து அளந்தார், நான்கு மூலையிலும் போட்டோ எடுத்தார். பின்மூலையில் மட்டும் கொஞ்ச நேரம் குனிந்து நின்றார். செருப்பில் முள் ஏறியிருக்கும் என்று நினைத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

நான்காம் நாள் படம் திரும்பி வந்தது. 'தல ஆய்வில் மனையின் பின்மூலையில் திறந்த கிணறு காணப்பட்டது.' தங்கராஜ் என் மேஜையைக் குத்தினார். அவர் கோபம் நியாயம்தான். என் கோபமும் நியாயம்தான். நேரே அந்தப் பொறியாளரின் ஆபீசுக்குப் போய், நீங்களே எடுத்த போட்டோவைக் காட்டுங்கள் என்றேன். காட்டினார். பின்மூலை போட்டோவில் காய்ந்த புல்லும் என் நிழலும் தங்கராஜின் குடை நிழலும்தான் இருந்தன. அவர் அந்த போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அறையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "எனக்கு எட்டிப் பாத்த ஞாபகம் இருக்குங்க. தண்ணி ரொம்பக் கிட்டத்துல இருந்துச்சு."

ஸ்ரீரங்கத்துக்காரர்

நான் சாமி கும்பிடுவேன், ஆனால் பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை. பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அந்த இடம் முன்பு வயலாக இருந்து மனைகளாகப் பிரிக்கப்பட்டது. பிரித்து விற்ற குடும்பம் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் இருந்தது. போனேன். அந்தக் குடும்பத்தில் இப்போது இருப்பவர் நரசிம்மன், அறுபதை ஒட்டிய வயது. பிளான் போடுகிறவன் என்று சொன்னதும் வந்த விஷயத்தைக் கேட்காமல் தன் குறையைச் சொல்ல ஆரம்பித்தார். கோயிலைச் சுற்றி இவ்வளவு உயரத்துக்கு மேல் கட்டக்கூடாது என்பதால் அவருக்கு மாடிமேல் ஓர் அறை கிடைக்கவில்லை. அந்த விதியைத் தளர்த்த வேண்டும் என்று மனு எழுதியிருந்தார். எதிர்வீட்டுக்காரரும் கட்டிவிடுவாரே என்றேன். அவருக்குத் தளர்த்த வேண்டாம் என்றார்.

கிணறு என்று நான் சொன்னதும் எழுந்தார். உள்ளே போய் ஒரு நீளமான தகரக் குழாயைக் கொண்டுவந்தார். "தகப்பனார் ஆசார்யன் திருவடி சேந்து பத்து வருஷமாறது. அவர் காலத்துக்கு அப்புறம் இதை அடியேன் திறந்ததில்லே" என்றார். வயலில் ஒரு கிணறு இருந்ததாம். கிணற்றோடு மனைப்பிரிவு கேட்டபோது அனுமதி மறுத்துவிட்டார்கள். அதனால் தூர்த்தார்கள். சாயங்காலம் தரைமட்டத்துக்கு மண் போட்டால் மறுநாள் காலையில் ஓர் ஆள் உயரம் இறங்கியிருக்குமாம். திரும்பப் போடுவார்கள், திரும்ப இறங்கும். கடைசியில் கருங்கல்லைக் குறுக்கே போட்டு, மேலே மண்ணைத் தள்ளிவிட்டார்கள்.

குழாயிலிருந்து பழைய டிரேசிங் ஷீட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் அதில்தான் மையால் வரைவோம். தவறு வந்தால் ஷேவிங் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும், தாள் கிழியக்கூடாது. ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். பின்வரிசையில், வட்டமாக ஒரு இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது. அவ்வளவு நேர்த்தியான சுரண்டல். அந்தப் படம் போட்ட காலத்தில் நான் டிப்ளமோ முடித்து ஒரு சர்வேயரிடம் வேலைக்குச் சேர்ந்த புதிது. தாள் கிழியாமல் சுரண்டுவதில் எனக்குப் பெயர் உண்டு, அதில் பெருமையும் உண்டு. எந்தக் கிணறு, யார் வயல் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஓரத்தில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். கூசிப்போய் நின்றேன். நரசிம்மன் விடவில்லை. "கிணத்தை மூடினது என் தகப்பனார், வாஸ்தவம். படத்துலேர்ந்து எடுத்தது யாருன்னு நீங்களே வாசியுங்கோ."

பார்க்க ஆள் இல்லாத அனுமதி

இந்தச் சமயத்தில்தான் சின்ன வீடுகளுக்குப் புதிய முறை வந்தது. யாரும் நேரில் வந்து பார்க்க மாட்டார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாமே சான்று சொல்லி ஆன்லைனில் ஏற்றினால் உடனே அனுமதி. எங்கள் ஆட்கள் கூடுகிற டீக்கடையில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. ஒரு கட்சி, இனி ஜனங்கள் நாயாய் அலைய வேண்டியதில்லை என்றது. இன்னொரு கட்சி, வாய்க்கால் மேலேயும் குளத்துக்குள்ளேயும் வீடு வரும் என்றது. முந்தின மாதம் வரை நான் முதல் கட்சியில் தலைவர். இப்போது டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

தங்கராஜ் செய்தியைப் போனில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். குவார்ட்டர்ஸ் கெடு நெருங்கிவிட்டது. பாதிச் சாமானை முசிறியில் மச்சான் வீட்டுக்கு ஏற்றி அனுப்பிவிட்டார். சார், ஒரு பட்டனை அமுக்குங்கள், போதும் என்றார். நான் ஸ்ரீரங்கத்தில் பார்த்ததைச் சொன்னேன். என் பெயரையும் சேர்த்தே சொன்னேன். அவர் நம்பவில்லை. கிணறே இருந்தாலும் மேலே கான்கிரீட் போட்டுக் கட்டிக்கொள்கிறேன், ரயில் எஞ்சினையே பார்த்தவன் நான் என்றார். கிணற்றைக் காட்டினால் பின்பக்க அறை போய்விடும், பழைய வழியில் திரும்பவும் மாதக்கணக்கில் நிற்க வேண்டும். காட்டாவிட்டால் இன்றைக்கே அனுமதி. அவர் கேட்டதில் தப்பில்லை. என் விரல்தான் பட்டனுக்குப் போகவில்லை.

ராஜேஸ்வரி அம்மாவும் கூட வந்திருந்தார். அந்த அறைக்கு என்ன நிறம் அடிப்பது என்று கூட முடிவு செய்து வைத்திருந்தவர். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். "ரெண்டு தடவை வேணாம்னு சொன்னப்ப கோவம்தாங்க வந்துச்சு. வேணாம்னு சொல்ல ஒருத்தரும் இல்லைங்கறப்பதான் பயமா இருக்கு. தோண்டிப் பாத்துருவோம்."

கடப்பாரை

காலை பத்து மணிக்குத் தோண்டினோம். மூக்கன் என்று எனக்குத் தெரிந்த கடைக்கால் தோண்டுகிற ஆள் வந்திருந்தார். சுமதியும் வருவேன் என்று பிடிவாதமாக வந்தார். கம்ப்யூட்டரில் அந்த வட்டம் இருந்த இடத்தை டேப் பிடித்துத் தரையில் சுண்ணாம்பால் போட்டார். இடுப்பளவு போனதும் செங்கல் தட்டுப்பட்டது. வளைவான கட்டு. மண்ணைத் துடைத்துப் பார்த்தால், சுண்ணாம்புக் கோட்டுக்கும் செங்கல்லுக்கும் விரல்கடை கூட வித்தியாசம் இல்லை. சுமதி குறுக்கே டேப் பிடித்தார். டேப்பில் 1.85 என்று காட்டினார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன்.

உள்ளே இருந்த கருங்கல் ஒன்று விரிசல் விட்டிருந்தது. மூக்கன் அந்த இடுக்கில் கடப்பாரையை விட்டு நெம்பினார். கை வழுக்கியது. கடப்பாரை செங்குத்தாக உள்ளே போய்விட்டது. தங்கராஜ் குப்புறப் படுத்து அந்த இடுக்கில் காதை வைத்தார். மதுரை ரோட்டில் பஸ் போகிற சத்தம் கேட்டது, பக்கத்து வீட்டு மிக்சி கேட்டது. தங்கராஜ் எழுந்திருக்கவே இல்லை. தோளைத் தொட்ட பிறகுதான் தலையைத் திருப்பினார். அவர் கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது. "போயிருச்சு சார். ஆனா விழுந்த சத்தம் இன்னும் வரல."

துவைக்கிற கல்

கிணற்றைக் காட்டி, பின்பக்க அறையை எடுத்துவிட்டு, செப்டிக் டேங்க்கை முன்பக்கம் கொண்டுவந்து, பழைய வழியிலேயே அனுப்பினேன். அதே பெண் பொறியாளர்தான் பார்க்க வந்தார். பின்மூலைப் பக்கம் போகாமலேயே கையெழுத்துப் போட்டார். இடையில் குவார்ட்டர்ஸ் கெடு முடிந்து, அவர்கள் ஆறு மாதம் வாடகை வீட்டில் கிடந்தார்கள். ராஜேஸ்வரி அம்மா ஹாலில் படுக்கிற மாதிரி ஒரு வீடு கட்டிக் குடிபோனார்கள். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டி மூடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். தங்கராஜ் கருங்கல்லின் மேல் இன்னும் கொஞ்சம் மண்ணைத் தள்ளி, பக்கத்திலேயே துவைக்கிற கல்லைப் போட்டுவிட்டார். கேட்டால், அந்தச் சத்தம் வராத இடத்தை மறுபடி திறக்கச் சொல்லாதீங்க சார் என்றார்.

மறு வருஷம் ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் நல்ல வெயில். ராஜேஸ்வரி அம்மா துவைத்து முடித்துவிட்டு, துணிக்குக் கிளிப் எடுக்க வீட்டுக்குள் போயிருக்கிறார். திரும்பி வந்தால் துவைக்கிற கல் இல்லை, வாளி இல்லை, துணிக்கொடிக் கம்பங்கள் இரண்டில் ஒன்று இல்லை. போன் வந்ததும் நான் ஓடினேன். பின்மூலையில் செங்கல் வட்டம் வாயைத் திறந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். தண்ணீர் ரொம்பக் கிட்டத்தில் இருந்தது. அசையாமல், சுத்தமாக இருந்தது. இத்தனையும் உள்ளே போனதற்கு ஒரு கலங்கல் இல்லை. ராஜேஸ்வரி அம்மா கையில் இன்னும் கிளிப்புகளை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். "அந்த ரூமு இருந்திருந்தா, இந்நேரத்துக்கு நான் அங்கதான் சார் கால நீட்டிப் படுத்திருப்பேன்."

ஜன்னலுக்கு நேராக

அதன் பிறகு நான் பரணிலிருந்த என் பழைய டிரேசிங் ஷீட்டுகளை எல்லாம் இறக்கினேன். அந்தப் பழைய சர்வேயர் கடையை மூடும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனவை. மத்தியான வெயில் ஜன்னலில் விழுகிற நேரத்தில், நானும் சுமதியும் ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் ஒட்டிப் பார்க்கிறோம். ஒரு தாளில் ஒரு வெளிறிய வட்டம். இன்னொன்றில் நீளமாக ஒரு வெளிறிய கோடு, அது வாய்க்கால். எதுவும் கிழியவில்லை. என் கை அவ்வளவு சுத்தம். சுமதி தாளின் ஓரத்தில் தெருப் பெயரை மட்டும் பென்சிலால் எழுதி வைக்கிறார்.

முதலில் அகப்பட்ட வட்டத்தைத் தேடிக்கொண்டு போன வாரம் ஒரு வீட்டுக்குப் போனேன். இரண்டு மாடி, வாசலில் கார், மாடியில் குழந்தைகள் ஓடுகிற சத்தம். வீட்டுக்காரர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். நான் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆரம்பித்து, உங்கள் ஹாலுக்கு நேர் கீழே என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். தரை எங்கேயாவது இறங்கியிருக்கிறதா, பாருங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. பரிதாபமாகத்தான் பார்த்தார். உள்ளே போய் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்த பிளானைக் கழற்றிக்கொண்டு வந்து, சீல் இருந்த இடத்தை எனக்கு விரலால் காட்டினார். "அப்ரூவல் குடுத்த வீட்டுக்கு அடியில எப்படிங்க கிணறு இருக்கும்?"

திரும்பி வந்த ஒவ்வொரு பிளானுக்கும் இத்தனை வருஷம் அரசாங்கத்தைத் திட்டித் தீர்த்த எனக்கு, திரும்பி வராமல் போன பிளான்களை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.